'இல்லை' சொல்லக் கூடாத வகுப்பு

துரைசாமி தன் ஆயுளில் அதிகமாகச் சொன்ன வார்த்தை எது என்று கேட்டால் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் யோசிக்கவே மாட்டார்கள். "இல்ல, அதெல்லாம் சரிப்படாது." இதுதான். டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டாலும் இதைத்தான் சொல்வார், தீபாவளிக்கு ஊர்ப்பக்கம் போய் வரலாமா என்று கேட்டாலும் இதைத்தான் சொல்வார். மனிதர் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. புனேயில், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் கடைந்து அனுப்பும் பாகங்களை அளந்து பார்த்து, தேறாததன் மேல் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்து ஒதுக்குவதுதான் அவருக்கு வேலை. சந்தேகம் வந்தால் ஒதுக்கிவிடு என்பது அங்கே சட்டம். வெடிக்கிற சாமானாயிற்றே, அந்தச் சட்டத்தில் தப்பில்லை. சாயங்காலம் விஷ்ராந்த்வாடி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தச் சட்டத்தையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். அதை மட்டும் அவர் செய்யவில்லை.

மனைவி பவுனுக்கு இந்த 'இல்ல'வோடு குடித்தனம் நடத்தத் தெரியும். முதல் தரம் கேட்டால் இல்லை என்பார், இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்டால் "ம்" என்பார், அந்த "ம்"முக்குச் சம்மதம் என்று பெயர். மகள் தமிழரசிக்கு அந்தப் பொறுமை கிடையாது, அவளும் அப்பன் மகள்தானே. தோழி ராஜஸ்ரீயின் அண்ணனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றபோது, பையன் எப்படி, என்ன வேலை என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாயில் பழகிக் கிடந்ததைத் துரைசாமி எடுத்து வீசிவிட்டார். அவள் இரண்டு நாள் காத்திருக்கவில்லை. பிறகு இவருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பவுன் மட்டும் போனாள். தமிழரசி நாக்பூரில் புருஷன் வீட்டோடு இருந்துவிட்டாள். அம்மாவும் மகளும் ஃபோனில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அப்பாக்காரர் அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பவுன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு மகளிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. இந்தக் கோடையில்தான் ராஜஸ்ரீ ஃபோன் செய்து, தமிழரசியும் புருஷனும் குழந்தையோடு கனடாவுக்குக் குடிபோகிறார்கள், கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் அவள் அப்பாவைப் பார்க்க வருகிறாள் என்று சொன்னாள். துரைசாமி ஃபோனை வைத்தார். சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம். வந்த மகளிடம் தன் வாய் முதல் வார்த்தையாக எதைச் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். அந்த வாயை அவரால் நம்ப முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தமிழ்ச் சங்கத்து வாட்ஸப் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. எழுதி வைத்த வசனம் இல்லை, ஒத்திகை இல்லை, நின்ற இடத்தில் கதை கட்டி நடிக்கலாம், இம்ப்ரோ பழகலாம் வாருங்கள், ஞாயிறு காலை வானவடியில் என்று போட்டிருந்தது. இதெல்லாம் வேலையற்ற வேலை என்று தள்ளிவிட இருந்தவர் கடைசி வரியைப் பார்த்தார். 'எதற்கும் இல்லை என்று சொல்லாமல் பேசிப் பழகுவதுதான் எங்கள் முதல் பாடம்.' அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். அந்த ஞாயிறே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வகுப்பு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்ட அறையில் நடந்தது. நடத்தியவள் கிருஷ்ணப்ரியா என்ற கோயம்புத்தூர்ப் பெண். ஐ.டி. கம்பெனியில் வேலை, முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே, ஓயாமல் சிரிக்கிற முகம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளைப் போல ஐ.டி.காரர்கள். ராணுவத்துக் கமாண்ட் ஆஸ்பத்திரிப் பக்கம் குடியிருக்கும் நர்ஸ் ஸ்டெல்லா ஒருத்தி. நரைத்த தலை துரைசாமியுடையது மட்டும்தான்.

"இங்க ஒரே ஒரு விதிங்க சார்," என்றாள் கிருஷ்ணப்ரியா. "கூட நடிக்கறவங்க எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கணும். ஆமான்னு சொல்லணும். சொல்லிட்டு அதோட நம்ம பங்குக்கு ஒண்ணு சேத்தணும். ஒருத்தர் மழை பெய்யுதுன்னு சொன்னா, நீங்க, ஆமா, குடையைக் கூட நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லலாம். மழையே இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா கதை அங்கயே செத்துப் போயிரும். அப்படிச் செத்துப் போச்சுன்னா நான் இந்த மணியை அடிப்பேன்." மேஜை மேல் ஒரு சின்ன மணி இருந்தது. தலையில் தட்டினால் 'டிங்' என்று கேட்கிற மணி.

முதல் நாள் அந்த மணிக்கு ஓய்வே இல்லை. கோகுல்நாத் என்ற சென்னைப் பையன் ஒருவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு துரைசாமியிடம் வந்தான். "டாக்டர், ரெண்டு நாளா என் வயித்துக்குள்ள லோக்கல் ரயில் ஓடுது டாக்டர்."

"வயித்துல எப்படிப்பா ரயில் ஓடும்?" என்றார் துரைசாமி. "நான் டாக்டரும் இல்ல."

டிங்.

அடுத்து ஸ்டெல்லா இரண்டு கைகளையும் குவித்து, ஒன்றுமில்லாத ஒன்றைப் பதமாக ஏந்திக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள். "இந்தாங்கய்யா, உங்க பேத்தி. இப்பதான் பொறந்தா. கையில வாங்குங்க."

துரைசாமி அவள் கைகளை உற்றுப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டும் பார்த்தார். "கையில ஒண்ணும் இல்லையேம்மா," என்றார்.

அறை முழுக்கச் சிரித்தது. மணியை அடிக்க மறந்து கிருஷ்ணப்ரியாவும் சிரித்தாள். துரைசாமிக்கு மட்டும் முகத்தில் ஈயாடவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வருத்தப்பட்டுட்டீங்களா சார்? முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தானுங்க," என்றாள் அவள்.

"அதுக்கில்ல டீச்சரம்மா. எனக்கு நடிக்கவெல்லாம் வேணாம். என் பொண்ணு வரப் போறா. அவகிட்ட ஒரு தரம்கூட இல்லன்னு சொல்லாம ஒரு நாள் பேசணும். அது மட்டும் கத்துக் குடு, போதும்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "கண்டிப்பா வந்துரும் சார். விடாம வாங்க," என்றாள். மகளுக்கும் அவருக்கும் என்ன என்று அவள் கேட்கவில்லை. அவர் பாதிதான் சொன்னார், மீதியை அவர் யாரிடமுமே சொன்னதில்லை.

அந்த மீதி இதுதான். பவுனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களில் தமிழரசி நிறைமாதக்காரி. மகளைக் கூப்பிட்டுவிடலாம் என்று துரைசாமிதான் சொன்னார். ரோஷமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஃபோனை எடுத்து நம்பரையும் போட்டுவிட்டார். பவுன் ஊசி குத்திய கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "சொல்லாத. வயித்துப் புள்ளையோட அலறியடிச்சிக்கினு ஓடியாருவா. புள்ளை பொறக்கட்டும், நானே பேசுறேன்," என்றாள். ஆயுசு பூராவும் எல்லாவற்றுக்கும் மறுத்த மனிதர் அன்றைக்குச் சரி என்று தலையாட்டினார். அவள் கேட்டு முதல் தரமே அவர் சரி சொன்னது அது ஒன்றுதான். குழந்தை பிறந்த அதே வாரத்தில் பவுன் போய்விட்டாள். பச்சை உடம்போடு மகளால் வர முடியவில்லை. அம்மா அத்தனை நாள் படுத்துக் கிடந்ததே அவளுக்குக் காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. துரைசாமிதான் சொல்லவிடாமல் தடுத்திருப்பார் என்று பவுனின் தங்கையும் மற்றச் சொந்தக்காரர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் விழுந்தது. அவர்கள் அப்படிப் பேசியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, அவர் அப்படிப்பட்ட ஆள்தானே. துக்கத்தில் அவருக்கு மறுக்கவும் தெம்பில்லை.

விடாமல் போனார். பாகங்களை அளந்த காலத்தில் இருந்த அதே கறாரோடு தன் வாயை அளக்க ஆரம்பித்தார். வகுப்பில் பழகினால் போதாது என்று வெளியிலும் பழகினார். பக்கத்து வீட்டு மேரி வருஷா வருஷம், மாடியில் உங்கள் பக்கம் வெயில் நன்றாக அடிக்கிறது, வடகம் காயப் போடட்டுமா என்று கேட்பாள். வருஷா வருஷம் அவர் சரிப்படாது என்பார். இந்தத் தரம், "போடும்மா. காக்கா வராம நானே பாத்துக்கிறேன்," என்றார். மேரி நம்பாமல் இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனாள். மூன்று நாள் மொட்டை மாடியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் குச்சியோடு, வடகத்துக்குக் காவல் இருந்தார். வாட்ச்மேன் இந்தியில் இன்றைக்கு என்ன வெயில் என்றால், ஆமாம், குழாய்த் தண்ணியில் அரிசியைப் போட்டால் சோறாகிவிடும் போலிருக்கிறது என்று இந்தியில் சேர்த்துச் சொன்னார். வாட்ச்மேன் சிரித்தான். தன் பேச்சைக் கேட்டு ஒருவன் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே படி ஏறினார்.

வகுப்பிலும் ஆள் மாறிவிட்டார். கோகுல்நாத் ஓடி வந்து, "அண்ணே, நம்ம வாழைத்தோப்புக்குள்ள யானை பூந்துடுச்சு," என்றால், "ஆமாம்ப்பா, பாவம், எங்க வீட்டுக்கு வந்த யானைதான். ராத்திரி சாப்பாடு அதுக்குப் பத்தல," என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கிருஷ்ணப்ரியா அவருடைய ஒரு சாமர்த்தியத்தை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வாள். "சார் பாருங்க, மொட்டையா ஆமான்னு சொல்றதில்லை. ஒரு நிறம் சொல்றாரு, ஒரு சாமான் பேர் சொல்றாரு. கண்ணால பாத்த மாதிரியே இருக்கு. நம்பாம இருக்க முடியுதா?" துரைசாமிக்கு வெட்கமாக இருக்கும். வீட்டுக்கு வந்து பவுன் படத்துக்கு விளக்கேற்றும்போது, "பாத்தியா, நானும் தேறிட்டேன்," என்று சொல்லுவார்.

தமிழரசி ஒரு வியாழக்கிழமை பகலில் குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். நெற்றி பவுனின் நெற்றி.

"வாம்மா," என்றார்.

"எப்படிப்பா இருக்கீங்க? மெலிஞ்சிட்டீங்களே."

"ஆமாம்மா, மெலிஞ்சிட்டேன். நீ வந்து சமைச்சுப் போடுவன்னு ரெண்டு நாளா பட்டினி கிடக்கிறேன்."

அவள் நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் துரைசாமிக்குத் தைரியம் வந்துவிட்டது.

அவள் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டார். ஃபேன் இப்படிச் சத்தம் போடுகிறதே என்றாள். ஆமாம், என்னைவிட அதுதான் அதிகமாகப் பேசுகிறது என்றார். மாப்பிள்ளை இங்கேயே ராஜஸ்ரீ வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் மும்பை போய் விமானம் ஏற வேண்டும் என்றாள். ஆமாம்மா, அங்கே குளிராமே, உங்கம்மா சால்வையை எடுத்துக்கொண்டு போ என்றார். குழந்தை ஈரா இரண்டு வயது, பேசுவதெல்லாம் மராத்தி. "ஆஜோபா, சஹா," என்று, தாத்தாவுக்கு டீ என்று, வெறுங்கையைக் கிண்ணம் போலக் குவித்து அவரிடம் நீட்டியது. துரைசாமி அதைப் பக்குவமாக வாங்கினார். ஊதி ஊதிக் குடித்தார். நாக்கைச் சுட்டுக்கொண்ட மாதிரி முகத்தைச் சுளித்து, இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டும் என்றார். குழந்தை கெக்கலித்துக்கொண்டு சர்க்கரை கொண்டுவர ஓடியது.

தமிழரசி வாசற்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அரே, நீங்களாப்பா இது? எனக்குச் சின்ன வயசுல நீங்க இப்படியெல்லாம் ஆடினதே இல்லையே."

"கிளாஸ் போறேம்மா. நாடகக் கிளாஸ்," என்றார் பெருமையாக. "வசனம் கிடையாது. எதிர்ல இருக்கிறவங்க இன்னா சொன்னாலும் ஆமான்னு சொல்லி, மேல ஒண்ணு கட்டிச் சொல்லணும். நான்தான் அங்க நல்லா பண்றேன்னு டீச்சரம்மாவே சொல்லுது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு மத்தியானம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே போய்விட்டால் போதும், பிறகு அவள் கனடாவிலிருந்து வாரம் ஒரு ஃபோன் செய்வாள், அந்த ஃபோனை வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம் என்று துரைசாமி கணக்குப் போட்டார். அவருக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

குழந்தை தூங்கிய பிறகு தமிழரசி சமையலறையில் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அம்மா ஹாஸ்பிட்டல்ல இருந்தப்ப என்னைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டாங்களாம். நீங்கதான் வேணாம்னு தடுத்துட்டீங்களாம். சித்தி சொன்னாங்க. நெஜமாப்பா?"

துரைசாமியின் வாயில் 'இல்ல' எழும்பி வந்தது. எழும்பி வந்ததாலேயே அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எத்தனை வாரமாக அதை மென்று விழுங்கப் பழகியிருக்கிறார். இதைச் சொன்னால் கதை அங்கேயே செத்துவிடும் என்று அந்த மணி காதுக்குள் அடித்தது. அதோடு இன்னொன்றும் மனதில் ஓடியது. உன் அம்மாதான் உன்னைக் கூப்பிட வேண்டாம் என்றாள் என்று சொன்னால் இந்தப் பெண் யார்மேல் கோபப்படுவாள்? என்மேல் கோபப்பட்டு அவளுக்குப் பழக்கம். செத்துப்போன அம்மாமேல் கோபப்பட்டுப் பழக்கமில்லை, அதை அவளால் தாங்க முடியாது. வாங்கிக்கொண்டுவிடுவோம் என்று நினைத்தார்.

"ஆமாம்மா," என்றார்.

ஆமாம் சொன்ன வாய் அதோடு நிற்கவில்லை. அதை அவர் அப்படித்தான் பழக்கி வைத்திருந்தார். "ரெண்டு மூணு தரம் கேட்டா. பச்சை கவர் போட்ட ஃபோன், தலகாணிக்கு அடியில வெச்சிருந்தா. உன்னைக் கூப்புடுறேன்னு எடுத்தா. நான்தான் கையில இருந்து வாங்கி வெச்சுக்கினேன். புத்தி கெட்டுப் போச்சும்மா எனக்கு. மன்னிச்சிடு."

சொல்லும்போதே வகுப்பில் வருகிற அந்தச் சரளம் வந்தது. சொன்னதெல்லாம் கண்முன்னால் நடந்த மாதிரி இருந்தது. சொல்லி முடித்ததும் ஒரு பாரம் இறங்கியதாகக்கூடத் தோன்றியது. இப்போது அவள் திட்டுவாள், அழுவாள், பிறகு சமாதானம் ஆகிவிடுவாள் என்று காத்துக்கொண்டு நின்றார்.

அவள் திட்டவில்லை. அஞ்சறைப் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். பையை எடுத்தாள். சால்வையை எடுக்கவில்லை. துரைசாமி, "இன்னும் நேரம் இருக்கேம்மா," என்று சொல்லிக்கொண்டே பின்னாலேயே வாசல் வரை போனார். ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டு அவள் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"நீங்க இல்லன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்ப்பா," என்றாள். "ரெண்டு வருஷமா சித்தி சொன்னதை நான் நம்பல. நீங்க வாயால இல்லன்னு சொல்லிட்டா போதும், வேற எதுவும் கேக்காம நிம்மதியா போயிடலாம்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். எல்லாத்துக்கும் இல்லன்னு சொன்னீங்க. இதுக்குச் சொல்லக் கூடாதா?"

துரைசாமி வாயைத் திறந்தார். ஆட்டோக்காரன் மீட்டரைப் போட்டான். குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. ஆட்டோ முனை திரும்பிய பிறகும் அவர் வாய் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

மூன்று நாள் அவர் ஃபோனைத் தொடவில்லை. சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை. சிவப்புப் புள்ளி வைத்த சாமானை மறுபடி தேறியது என்று மாற்றும் வழக்கம் அவருடைய பிரிவில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கால் போன போக்கில் வகுப்புக்குத்தான் போனார். போக வேறு இடமும் அவருக்கு இல்லை. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் கிருஷ்ணப்ரியாவை மாடிப்படிக்குக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னார். பவுன் கையைப் பிடித்தது முதல் ஆட்டோ போனது வரை சொன்னார். அவள் கேட்கக் கேட்க முகம் வெளுத்துப் போனாள்.

"ஐயோ சார், அது மேடைக்குங்க," என்றாள். "மேடையில நடக்கறதுக்கு மட்டும்தானுங்க சார் அது. நடக்காததை நடந்ததுன்னு ஒத்துக்கச் சொல்லி நான் சொல்லலையே."

"எனக்கு அந்த வித்தியாசம் புரியலம்மா. நீ சொல்லிக் குடுத்தது நல்லாத்தான் இருந்துச்சு. மேரி சிரிச்சா, வாட்ச்மேன் சிரிச்சான், அவளும் சிரிச்சா. எல்லாத்துக்கும் ஆகும்னு நெனச்சிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவே ஃபோன் பண்ணுங்க சார். விமானம் ஏறதுக்குள்ள உண்மையைச் சொல்லிருங்க," என்றாள்.

அவர் படியில் உட்கார்ந்து ஃபோன் போட்டார். கார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்கப்பா," என்றாள் தமிழரசி. குரலில் கோபம்கூட இல்லை.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்ம்மா. நான் தடுக்கல. ஃபோன் போடத்தான் போட்டேன். உங்கம்மாதான் ஊசி குத்தின கையால என் கையைப் புடிச்சிக்கினா. புள்ளத்தாச்சிப் பொண்ணு, சொல்லாதன்னா. புள்ளை பொறந்ததும் நானே பேசுறேன்னா. நான் சரின்னேன். அவ்வளவுதாம்மா நடந்தது."



"அப்ப, அன்னைக்குச் சொன்ன பச்சை கவர் ஃபோனு, தலகாணி, அதெல்லாம்?"

"அது நானா கட்டிச் சொன்னதும்மா."

"இது?"

அந்தப் பொய்யில் பச்சை உறை இருந்தது. இந்த உண்மையில் ஊசி குத்திய கை இருக்கிறது. இரண்டையும் ஒரே வாய், ஒரே குரலில், கண்ணால் கண்ட மாதிரியே சொல்லியிருக்கிறது. இதில் எது தேறும், எது தேறாது என்று அவள் எதை வைத்து அளப்பாள்?

"அன்னைக்கும் இப்படித்தான்ப்பா சொன்னீங்க," என்றாள் அவள். "அந்தக் கிளாஸ்ல நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கீங்க. எதிர்ல இருக்கறவங்களுக்கு எது வேணுமோ அதைக் கொடுக்கிறீங்க. இனிமே நீங்க இல்லன்னு சொன்னாலும் ஆமான்னு சொன்னாலும் எனக்கு ஒண்ணுதான்ப்பா." பிறகு, "பாப்பா தூங்கறா. வெச்சிடறேன். உடம்பைப் பாத்துக்கங்க," என்றாள்.

ஃபோன் அணைந்தது. துரைசாமி அழுதார். பவுன் செத்தபோதுகூட அவர் இப்படி அழவில்லை. கிருஷ்ணப்ரியா பக்கத்துப் படியில் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கொண்டு போய் விடட்டுமா என்று கேட்டாள். அந்த வீட்டுக்குள் இப்போது போக முடியாது என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முறை அவருடையது என்று கோகுல்நாத் கையைப் பிடித்து எழுப்பிவிட்டான். கிருஷ்ணப்ரியா வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான். இல்லாத பெட்டி ஒன்றைச் சிரமப்பட்டுத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அப்பா, வாசல்ல வண்டி வந்துடுச்சு. நான் கிளம்பறேன். இனிமே இந்த வீட்டுக்கு வர மாட்டேன்."

"இல்ல," என்றார் துரைசாமி.

எல்லோருடைய கண்ணும் மணிப்பக்கம் போனது. கிருஷ்ணப்ரியா மணியை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"இல்ல. நான் தடுக்கல. நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். நான் தடுக்கலம்மா. உங்கம்மா பேச்சைக் கேட்டேன், அது ஒண்ணுதான் நான் செஞ்சது. போகாத."

கோகுல்நாத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தன்னை ஏன் அம்மா என்கிறார் என்றும் தெரியவில்லை. ஆனால் எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. இந்த அறையில் அவன் கற்றுக்கொண்ட விதி ஒன்றே ஒன்றுதான். கொடுத்ததை வாங்கிக்கொண்டான்.

"சரிப்பா," என்றான் மெதுவாக. "நம்பறேன். நான் போகல."

பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தான். அடுத்து அவர் ஏதாவது சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லோரும் காத்திருந்தார்கள். துரைசாமி குனிந்து, அங்கே இல்லாத பெட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி, யார் காலிலும் இடறாமல் சுவரோரமாக வைத்தார்.